இரண்டே பேர் நடிக்கும் அபத்த நாடகத்தை முதன்முறையாக மேடையேற்றுகிறீர்களா? என்ன, எப்போது, எந்த வரிசையில்

“இரண்டு நடிகர்கள் போதும், பெரிய செட் வேண்டாம், ஒரு மரமோ ஒரு பெஞ்சோ இருந்தால் வேலை முடிந்தது” என்று நினைத்துத்தான் பலர் வழக்கமான கதைப்போக்கும் தர்க்கமும் இல்லாத அபத்த நாடகத்துக்கு வருகிறார்கள். நாங்களும் அப்படித்தான் வந்தோம். ஆள் குறைவு என்பது உண்மை. ஆனால் ஆள் குறையக் குறைய ஒவ்வொருவர் மேலும் ஏறும் பாரம் கூடுகிறது, தாள் வேலையும் குறைவதில்லை. நாங்கள் திணறித் திணறித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இந்த நாடக வகை எப்படிப் பிறந்தது, யார் பெயர் வைத்தார்கள் என்பதெல்லாம் இங்கே இல்லை, அதற்கு வேறு கட்டுரைகள் நிறைய இருக்கின்றன.

1. முதலில் ஜோடியைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் நாடகத்தை

இந்த நாடகங்களில் கதை என்று சொல்ல அதிகம் கிடையாது. ஒருவர் இன்னொருவரை விட்டுப் போக முடியாமல் இருப்பதுதான் மொத்த நாடகமும். அதனால் உங்களிடம் இருக்கும் இரண்டு நடிகர்களுக்கு எந்த வகைப் பிணைப்பு பொருந்தும் என்று முதலில் பாருங்கள்.

பெக்கெட்டின் ‘கோதோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்தில் விளாதிமிரும் எஸ்ட்ரகோனும் சமமானவர்கள், நெடுநாள் கூட்டாளிகள். அதே நாடகத்தில் போட்சோவும் லக்கியும் கயிற்றால் கட்டப்பட்ட எஜமானும் அடிமையும். ‘எண்ட்கேம்’ நாடகத்தில் ஹாமால் எழுந்து நிற்க முடியாது, கண்ணும் தெரியாது. க்ளோவால் உட்கார முடியாது. பின்டரின் ‘டம்ப் வெயிட்டர்’ நாடகத்தில் பென்னும் கஸ்ஸும் ஒரே கொலை வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள், அதில் ஒருவர் மூத்தவர். அயனெஸ்கோவின் ‘நாற்காலிகள்’ நாடகத்தில் தொண்ணூறைத் தாண்டிய கணவன் மனைவி. ஆல்பியின் ‘ஸூ ஸ்டோரி’யில் பூங்கா பெஞ்சில் சந்தித்துக்கொள்ளும் முன்பின் தெரியாத இருவர்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. “இருவர் நாடகம்” என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுவதெல்லாம் இருவர் நாடகம் அல்ல. கோதோவுக்கு ஒரு சிறுவனையும் சேர்த்து ஐந்து பேர் வேண்டும். எண்ட்கேமுக்கு நான்கு பேர், அதில் இருவர் குப்பைத்தொட்டிக்குள் இருப்பவர்கள். ‘நாற்காலிகள்’ நாடகத்தின் முடிவில் ஒரு சொற்பொழிவாளர் வருகிறார், தவிர கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளுக்காக டஜன் கணக்கில் நிஜ நாற்காலிகள் மேடைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். ழான் ழெனேயின் ‘பணிப்பெண்கள்’ நாடகத்தில் க்ளேர், சொலாஞ்ச் என்ற சகோதரிகளோடு எஜமானியும் உண்டு. உண்மையிலேயே இரண்டு பேரோடு முடிவது டம்ப் வெயிட்டர், ஸூ ஸ்டோரி, பெக்கெட்டின் ‘ஹாப்பி டேஸ்’ போன்றவைதான். முதல் முறை என்றால் டம்ப் வெயிட்டரைச் சொல்வேன். ஒரே அங்கம், ஒரே அறை, பிணைப்பும் உடனே கண்ணுக்குத் தெரியும்.

2. உரிமம்: அரங்கத்துக்கு முன்பணம் கட்டும் முன்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். நாடகத்தை மேடையேற்றலாம் என்ற உரிமக் கடிதம் கைக்கு வரும்வரை அரங்கம், சுவரொட்டி, சமூக வலைதள அறிவிப்பு எதுவும் வேண்டாம். எங்கள் விஷயத்தில் உரிமத்தைக் கவனிக்கும் முகவர் அலுவலகம் வாரக்கணக்கில் பதிலே போடவில்லை. விடாமல் நினைவூட்டிய பிறகுதான் விண்ணப்பம் வேறொருவர் பார்வைக்குப் போய்த் தேங்கி நின்றது தெரிந்தது. குறைந்தது ஆறு மாதம் முன்னால் எழுதுங்கள், மொழிபெயர்த்துப் போடுவதாக இருந்தால் இன்னும் முன்னால்.

“பழைய நாடகம்தானே, உரிமை எல்லாம் முடிந்திருக்கும்” என்று யாராவது சொல்வார்கள். முடியவில்லை. ழெனே இறந்தது 1986இல், பெக்கெட் 1989இல், அயனெஸ்கோ 1994இல், பின்டர் 2008இல், ஆல்பி 2016இல். ஆசிரியர் இறந்தபின் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 70 ஆண்டும் இந்தியாவில் 60 ஆண்டும் பதிப்புரிமை நிற்கும். கணக்குப் போட்டால் பெக்கெட்டின் படைப்புகள் இந்தியாவில் 2049 முடியும்வரை, ஐரோப்பாவில் 2059 முடியும்வரை பதிப்புரிமையில் இருக்கும். டிக்கெட் இல்லாத இலவச நிகழ்ச்சி என்றாலும் அனுமதி வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் பொதுவாகக் கேட்பவை: குழுவின் பெயர், அமெச்சூரா தொழில்முறையா, அரங்கம், இருக்கைகளின் எண்ணிக்கை, டிக்கெட் விலை, எத்தனை காட்சி, தேதிகள், எந்த மொழி. இவற்றை ஒரே தாளில் தயாராக வைத்துக்கொண்டு அனுப்பினால் ஒரு சுற்றுக் கடிதப் போக்குவரத்து மிச்சம். தேதி முடிவாகவில்லை என்றால் உத்தேசமாக ஒரு வார இடைவெளியைக் குறிப்பிடுங்கள். காலியாக விட்டால் அந்த விண்ணப்பத்தை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

செலவு இரண்டு விதமாக வரும். அமெச்சூர் குழுவுக்குப் பெரும்பாலும் ஒரு காட்சிக்கு இவ்வளவு என்று நிலையான தொகை. தொழில்முறைக் குழுவுக்கு வசூலில் ஒரு சதவீதம், அதோடு குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை, அதில் ஒரு பகுதி முன்பணம். காட்சி ரத்தானால் முன்பணம் திரும்ப வருமா என்ற வரியைத் தேடிப் படியுங்கள், பெரும்பாலும் வராது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கிக் கட்டணமும் வரிப் பிடித்தமும் தனி, அதையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

மொழிபெயர்ப்புக்குத் தனி அனுமதி. ஏற்கெனவே அச்சில் இருக்கும் மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தினால் மொழிபெயர்ப்பாளரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். கோதோவையும் எண்ட்கேமையும் பெக்கெட் முதலில் பிரெஞ்சில் எழுதி, அவரே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டு பிரதிக்கும் இடையே வித்தியாசங்கள் உண்டு, ஆகவே எதிலிருந்து மொழிபெயர்க்கிறீர்கள் என்பதை விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள். காணொளிப் பதிவும் இணைய ஒளிபரப்பும் மேடை உரிமத்தில் அடங்காது. ஒரு நிமிட விளம்பரத் துண்டுக்குக்கூட எத்தனை நொடி அனுமதி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் கட்டுப்பாடுகள். வெட்டக் கூடாது, சேர்க்கக் கூடாது, மேடைக் குறிப்பை மாற்றக் கூடாது, பாத்திரத்தின் பாலினத்தை மாற்றக் கூடாது என்றெல்லாம் இருக்கும். பெக்கெட் விஷயத்தில் இது வெறும் சம்பிரதாயம் அல்ல. 1984இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் எண்ட்கேமைப் பாழடைந்த சுரங்க ரயில் பாதையில் நடப்பதாக அமைத்தபோது அவர் கடுமையாக ஆட்சேபித்தார், கடைசியில் அவருடைய கண்டனத்தை நிகழ்ச்சிக் கையேட்டில் அச்சிட்ட பிறகுதான் அது மேடையேறியது. 1988இல் நெதர்லாந்தில் பெண்கள் நடித்த கோதோவுக்கு எதிரான வழக்கு நீதிமன்றம் வரை போனது. உங்கள் இரண்டு நடிகர்களும் பெண்கள் என்றால் கோதோவை மனதில் வைத்து ஒத்திகையைத் தொடங்கிவிட்டு அனுமதி கேட்காதீர்கள். ‘பணிப்பெண்கள்’ எடுக்கலாம், அல்லது சொந்தமாக எழுதலாம்.

3. கொடுக்கல் வாங்கல் பட்டியல்

இதை மட்டும் நன்றாகச் செய்தால்கூடப் பாதி நாடகம் உருவாகிவிடும் என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். நடிகர்களிடம் “இவர்கள் ஒருவரையொருவர் சார்ந்திருக்கிறார்கள்” என்று சொன்னால் அவர்கள் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். சார்பு என்பதை நடிக்க முடியாது. ஒரு பொருளைக் கேட்பதை, கொடுப்பதை, கொடுக்காமல் இழுத்தடிப்பதை நடிக்க முடியும்.

ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். முதலாமவர் இரண்டாமவரிடமிருந்து எதிர்பார்ப்பது, இரண்டாமவர் முதலாமவரிடமிருந்து எதிர்பார்ப்பது, யார் எதை மறுக்கிறார், ஒருவர் போய்விட்டால் மற்றவருக்கு அடுத்த நாள் என்ன ஆகும். பிரதியை வரிவரியாகப் படித்துக்கொண்டே நிரப்புங்கள். உணர்ச்சிப் பெயர்கள் வேண்டாம், அன்பு, வெறுப்பு, தனிமை என்று எழுதினால் அடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பொருளையோ செயலையோ எழுதுங்கள்.

எண்ட்கேமை எடுத்துக்கொண்டால் ஹாமின் கட்டம் மளமளவென்று நிரம்பிவிடும். நாற்காலியைத் தள்ள ஆள் வேண்டும், மேடையின் நட்டநடுவில் நிறுத்த வேண்டும், ஏணி போட்டு ஏறி ஜன்னல் வழியே பார்த்துச் சொல்ல வேண்டும், வலி மாத்திரை வேண்டும், விசிலடித்தால் வர வேண்டும், முடிக்காமல் விட்ட பொம்மை நாய் வேண்டும், சொல்லும் கதையைக் கேட்க ஒரு காது வேண்டும். க்ளோவின் கட்டத்தை நிரப்பத்தான் நேரமாகும், புதியவர்கள் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். அவன் ஏன் போகாமல் இருக்கிறான்? ஒரு பதில் பிரதியிலேயே வெளிப்படையாக இருக்கிறது: சாப்பாடு இருக்கும் அலமாரியைத் திறக்கும் எண்வரிசை ஹாமுக்குத்தான் தெரியும். இன்னொன்று, கட்டளை இல்லாத நேரத்தில் சமையலறையில் சுவரைப் பார்த்து நிற்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலை இல்லை. இரண்டையும் எழுதிய பிறகு க்ளோவாக நடிப்பவர் நாற்காலியைத் தள்ளும் விதமே மாறிவிடும். பரிதாபத்துக்குரிய வேலைக்காரனாகத் தள்ளிக்கொண்டிருந்தவர், தனக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது என்று தெரிந்தவனாகத் தள்ளுவார்.

பட்டியல் அங்கத்துக்கு அங்கம் மாறும், அதையும் பாருங்கள். கோதோவின் முதல் அங்கத்தில் விளாதிமிர் பையைத் துழாவி முதலில் டர்னிப்பை எடுத்து, பிறகு கேரட்டைக் கண்டுபிடித்து எஸ்ட்ரகோனுக்குக் கொடுக்கிறார். இரண்டாம் அங்கத்தில் கேரட் இல்லை, முள்ளங்கி இருக்கிறது, அது கறுப்பு முள்ளங்கி என்பதால் எஸ்ட்ரகோன் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். கையிருப்பு குறைந்திருக்கிறது, ஆனாலும் பையைத் துழாவுவது நிற்கவில்லை. அதே அங்கத்தில் தூங்கும் எஸ்ட்ரகோன் மேல் விளாதிமிர் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்துகிறார், குளிரில் கையை வீசிக்கொண்டு நடக்கிறார். போட்சோவுக்குக் கண் போய்விட்டது, லக்கிக்குப் பேச்சு போய்விட்டது, நடுவே இருக்கும் கயிறு முன்னைவிடக் குட்டையாகிவிட்டது. முதல் அங்கத்தில் இழுக்கப் பயன்பட்ட கயிறு இப்போது வழிகாட்டப் பயன்படுகிறது. இதையெல்லாம் பட்டியலில் தனித்தனி வரியாக எழுதினால், எங்கே என்ன மாற வேண்டும் என்று இயக்குநர் விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய தேவையே வராது.

4. மேசை வாசிப்பு: நீட்டாதீர்கள்

கடைசிவரை மேடைக்கு வராத கோதோ என்றால் யார், கடவுளா, மரணமா என்ற விவாதத்துக்கு ஒரு மாலைக்கு மேல் கொடுக்க வேண்டாம். இயக்குநர் ஆலன் ஷ்னைடர் கேட்டபோது, தெரிந்திருந்தால் நாடகத்திலேயே சொல்லியிருப்பேன் என்றுதான் பெக்கெட் பதில் சொன்னார். எழுந்து நின்று ஒத்திகை பாருங்கள்.

5. மனப்பாடம்: நீங்கள் நினைப்பதைவிட இரு மடங்கு நேரம் பிடிக்கும்

சாதாரண நாடகத்தில் கதை நடிகரைக் கைபிடித்து அழைத்துப் போகும். இங்கே அந்த உதவி இல்லை. ஒரே வரி, கிட்டத்தட்ட ஒரே கேள்வி, ஒரே பதில் பல இடங்களில் திரும்பத் திரும்ப வரும். ஒரு நடிகர் தவறான இடத்துக் கேள்வியை எடுத்துவிட்டால் மற்றவர் அதற்கான பதிலைச் சரியாகச் சொல்வார், இருவரும் பத்துப் பக்கத்தைத் தாண்டிவிடுவார்கள், பார்வையாளருக்குக்கூடத் தெரியாது, ஆனால் மேடைக்குப் பின்னால் பையோடு நிற்கும் மூன்றாமவர் திகைத்துப் போவார்.

தனியாக வீட்டில் உட்கார்ந்து மனப்பாடம் செய்வது இங்கே பயன்படாது. இருவரும் சேர்ந்தே செய்ய வேண்டும், முடிந்தால் வசனத்தை மாற்றிப் பேசியும் பழக வேண்டும். திரும்ப வரும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தனி அசைவை ஒட்டிவையுங்கள்: முதல் தடவை காலணியைத் தொடும்போது, இரண்டாம் தடவை மரத்தருகே, மூன்றாம் தடவை உட்கார்ந்த நிலையில். உடம்பு எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் எத்தனையாவது தடவை என்று நினைவு வரும். வழி தவறினால் திரும்பி வந்து சேர நான்கைந்து இடங்களை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

நுணுக்கமான ஓர் இடம்: கோதோவின் இரண்டு அங்கமும் ஒரே மாதிரி முடியும். போகலாமா என்று ஒருவர் கேட்க, போகலாம் என்று மற்றவர் சொல்ல, இருவரும் அசையாமல் நிற்பார்கள். முதல் அங்கத்தில் கேட்பவர் எஸ்ட்ரகோன், இரண்டாம் அங்கத்தில் கேட்பவர் விளாதிமிர். இந்த இடமாற்றத்தைக் களைப்பில் தவறவிடுவது மிகச் சுலபம், ஆனால் ஒருவருடைய கேள்வி இன்னொருவருடையதாக மாறுவதுதான் அந்த ஜோடியைப் பற்றி நாடகம் கடைசியாகச் சொல்வது. ஒத்திகைப் பிரதியில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள்.

6. மௌனத்தையும் நேரக் கணக்கில் சேருங்கள்

பிரதியின் பக்க எண்ணிக்கையை வைத்து “இது ஒரு மணி நேரம்” என்று அரங்கத்துக்குச் சொல்லிவிடாதீர்கள். எண்ட்கேமின் பக்கங்களைப் புரட்டினாலே எத்தனை இடைநிறுத்தக் குறிப்புகள் என்று தெரியும். பின்டர் சிறு நிறுத்தம், மௌனம், மூன்று புள்ளி என்று வேறு வேறாகக் குறிப்பார், அவை ஒன்றல்ல. முதல் முழு ஒத்திகையை நேரம் பார்த்து எடுங்கள், அரங்க வாடகையை அதை வைத்துக் கணக்கிடுங்கள்.

மௌனத்தில் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணும் நடிகரைப் பார்வையாளர் உடனே கண்டுபிடித்துவிடுவார். எண்ணுவதற்குப் பதிலாக அந்த இடத்தில் யார் யாரிடமிருந்து எதை எதிர்பார்த்து நிற்கிறார் என்று பட்டியலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இருவரில் ஒருவர்தான் அந்த மௌனத்தை உடைக்க முடியாமல் தவிப்பவர், அவர் யார் என்று தெரிந்தால் நீளம் தானாக அமையும்.

அசைவு சார்ந்த இடங்களுக்குத் தனி ஒத்திகை ஒதுக்குங்கள். கோதோவில் மூன்று தொப்பிகள் இரண்டு தலைகளுக்கும் நான்கு கைகளுக்கும் இடையே சுற்றிச் சுற்றி வரும், கடைசியில் விளாதிமிர் தலையில் லக்கியின் தொப்பி நிற்கும், அவருடைய சொந்தத் தொப்பி தரையில் கிடக்கும். மேடைக் குறிப்பில் ஒவ்வொரு கைமாற்றமும் எழுதப்பட்டிருக்கிறது. முதல் நாளிலிருந்தே நிஜத் தொப்பிகளோடு, மெதுவாக, பேச்சில்லாமல் செய்யுங்கள். ஒருவர் கை நீட்டும் அரைநொடிக்கு முன்பே மற்றவர் தொப்பியைக் கழற்றியிருக்க வேண்டும். அந்த நம்பிக்கை வந்த பிறகு மற்ற காட்சிகளிலும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே நகர ஆரம்பிப்பார்கள்.

7. பொருட்கள், பாதுகாப்பு, அதற்கான அனுமதிகள்

செட் செலவு குறைவுதான், ஆனால் தீர்ந்துபோகும் பொருட்கள் ஒவ்வொரு ஒத்திகைக்கும் காட்சிக்கும் வேண்டும். கேரட், டர்னிப், முள்ளங்கி, போட்சோவின் கோழிக்கறி. டம்ப் வெயிட்டரில் கஸ் உணவு லிஃப்டில் மேலே அனுப்பும் பிஸ்கட், பால் வகையறா. நடிகருக்கு ஒவ்வாமை இருக்கிறதா என்று கேளுங்கள்.

லக்கியின் கழுத்துக் கயிறு இறுகாத முடிச்சாக, இழுத்தால் உடனே கழன்றுவிடுவதாக இருக்க வேண்டும், இதில் சமரசமே கூடாது. ஹாமின் நாற்காலிச் சக்கரங்களை நடிகரின் எடையோடு சோதியுங்கள். ஹாப்பி டேஸில் வின்னி முதல் அங்கத்தில் இடுப்புவரையும் இரண்டாம் அங்கத்தில் கழுத்துவரையும் மண்மேட்டில் புதைந்திருக்கிறாள். உள்ளே முதுகுக்குத் தாங்கலும் அவசரத்தில் வெளியேற ஒரு திறப்பும் வைத்துக் கட்டுங்கள். அவளுடைய குடை தீப்பிடிக்கும் இடமும் உண்டு, அதை எப்படிச் செய்வதாக இருந்தாலும் அரங்க நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும், சில அரங்கங்களில் தீயணைப்புத் துறையின் ஒப்புதலும் கேட்பார்கள். டம்ப் வெயிட்டரிலும் ஹாப்பி டேஸிலும் கைத்துப்பாக்கி உண்டு, ஸூ ஸ்டோரியில் கத்தி. போலியாக இருந்தாலும் உள்ளூர்க் காவல் விதியைப் பார்த்து, கடிதத்தின் நகலை மேடை மேலாளர் கையில் வைத்திருங்கள்.

8. இரண்டு நடிகர்களோடும் எழுத்தில் ஒப்பந்தம்

இருபது பேர் நாடகத்தில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் சமாளிக்கலாம். இங்கே ஒருவர் படுத்தால் நாடகம் இல்லை. ஆகவே நண்பர்களாகவே இருந்தாலும் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள்: ஒத்திகைத் தேதிகள், காட்சித் தேதிகள், ஒரு மாற்றுத் தேதி, விலகுவதென்றால் எத்தனை வாரம் முன்னால் சொல்ல வேண்டும், ஒத்திவைத்தால் அரங்க முன்பணம் யார் தலையில். மேடை மேலாளரை இரண்டு பாத்திரங்களின் அசைவுகளையும் கவனித்துப் பழகச் சொல்லுங்கள். அவசரத்தில் அவர் பிரதியோடு நிற்க உரிமம் இடம் தருகிறதா என்பதையும் அப்போதே கேட்டு வையுங்கள்.

சம்பளம் சமமாக இருக்கட்டும். ஹாப்பி டேஸில் வின்னி நாடகம் முழுக்கப் பேசுகிறாள், அவள் கணவன் வில்லி சில வரிகளே பேசுகிறான் என்பதால் வில்லியாக நடிப்பவருக்குக் குறைவாகக் கொடுப்பதும், அவரைப் பாதி ஒத்திகைக்கு வர வேண்டாம் என்பதும் நாடகத்தையே கெடுத்துவிடும். அவள் பேசுவதெல்லாம் அவன் கேட்கிறானா என்று தெரிந்துகொள்ளத்தான். மேட்டுக்குப் பின்னால் அந்த ஆள் நிஜமாக இல்லாமல் ஒத்திகை பார்த்த நடிகை தனிமொழி பேசப் பழகிவிடுவார், பிறகு அதை மாற்றுவது பெரும் பாடு.

9. காட்சி முடிந்த பிறகு

வசூல் விவரத்தை உரிமதாரருக்கு அனுப்ப ஒப்பந்தத்தில் ஒரு காலக்கெடு இருக்கும். கடைசிக் காட்சி முடிந்த மறுநாளே அரங்கத்திடமிருந்து கையெழுத்திட்ட டிக்கெட் கணக்கை வாங்கிவிடுங்கள், ஒரு வாரம் விட்டால் அதை எடுத்துத் தர அங்கே ஆள் கிடைக்காது. பாக்கி ராயல்டியைக் கட்டிய ரசீது, வாடகைக்கு எடுத்த பிரதிகளைத் திருப்பியதற்கான சான்று, உரிமக் கடிதம் மூன்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். அடுத்த நாடகத்துக்கு அதே முகவரிடம் எழுதும்போது முந்தைய உரிம எண்ணைக் குறிப்பிட்டால் பதில் சீக்கிரம் வரும்.